வேகமான பைக் எங்கே முந்தும், அட்வென்ச்சர் பைக் எங்கே முந்தும்

"ரெண்டையும் ஒரே ரோட்டில் விட்டா எது முன்னால போகும்?" லிட்டர் க்ளாஸ், அதாவது ஆயிரம் சிசி ஸ்போர்ட்ஸ் பைக்கையும் பெரிய அட்வென்ச்சர் டூரிங் பைக்கையும் மாற்றி மாற்றி ஓட்டுகிறவன் என்பதால் என்னிடம் அடிக்கடி வரும் கேள்வி இது. என்ன ரோடு, எவ்வளவு நேரம் என்று கேட்டுக்கொண்டுதான் பதில் சொல்வேன். வழுவழுப்பான, அகலமான நெடுஞ்சாலையில் பத்து நிமிடம் என்றால் ஸ்போர்ட்ஸ் பைக், அதில் பேச்சே இல்லை. ஒட்டுப்போட்ட மலைச்சாலையில் காலையிலிருந்து மாலை வரை என்றால், ஓட்டுகிற இருவரும் ஏறக்குறைய ஒரே கைப்பழக்கம் உள்ளவர்கள் என்றால், என் பந்தயம் அட்வென்ச்சர் பைக் மேல்தான்.

காகிதத்தில் பார்த்தால் இது நம்பும்படியாக இருக்காது. ஒரே கம்பெனியின் இரண்டு வண்டிகளை எடுத்துக்கொள்வோம். 2019-இல் வந்த பிஎம்டபிள்யூ எஸ்1000ஆர்ஆர் 207 குதிரைத்திறன், பெட்ரோலோடு சேர்த்து 197 கிலோ. அதே காலத்து ஆர்1250ஜிஎஸ் 136 குதிரைத்திறன், 249 கிலோ. எழுபது குதிரை குறைவு, ஐம்பது கிலோ அதிகம். ஆனால் அந்தப் பட்டியலில் பலரும் கண்ணை ஓட்டிவிட்டுப் போகும் இன்னொரு வரி இருக்கிறது. ஸ்போர்ட்ஸ் பைக்கின் உச்ச டார்க், அதாவது இன்ஜினின் திருகு விசை, 113 நியூட்டன் மீட்டர், அது கிடைப்பது 11,000 ஆர்பிஎம்-இல். ஜிஎஸ்ஸுக்கு 143, அதுவும் 6,250-லேயே கிடைத்துவிடுகிறது. சாதாரணச் சாலையில் நாம் இன்ஜினை வைத்திருப்பது மூவாயிரத்துக்கும் ஆறாயிரத்துக்கும் நடுவில்தான். அந்தப் 11,000-ஐ எத்தனை தடவை தொட்டிருப்போம், தொட்டபோது ஸ்பீடாமீட்டர் எங்கே இருந்தது என்று யோசித்தால் விஷயம் புரிந்துவிடும்.

ஏறுமுகமான கொண்டை ஊசி வளைவில்தான் இது கைக்கே தெரியும். லிட்டர் பைக்கின் முதல் கியர் மணிக்கு 130 கிலோமீட்டரையும் தாண்டிப் போகும்படி நீளமாக அமைக்கப்பட்டது. அதே கியரில் 20, 25 கிலோமீட்டர் வேகத்தில் வளைவுக்குள் போனால் இன்ஜின் திக்கும். இடது கை கிளட்ச்சைப் பாதி பிடித்தபடியே இருக்க வேண்டும். வலது கை ஆக்ஸிலரேட்டரை நூல் பிடித்த மாதிரி திறக்க வேண்டும். கொஞ்சம் கூடினால் வண்டி வெட்டி இழுக்கும், கொஞ்சம் குறைந்தால் உள்பக்கமாக விழப் பார்க்கும். ஹேண்டில்பார் முழுசாகத் திரும்பவும் திரும்பாது, டேங்க்கில் கட்டை விரல் இடிக்கும். அட்வென்ச்சர் பைக்கில் அதே வளைவு இரண்டாவது கியரில், கிளட்ச்சைத் தொடாமல், பின் பிரேக்கை லேசாக மிதித்தபடி முடிந்துவிடும். அகலமான ஹேண்டில்பார் இருப்பதால் உடம்பை எங்கும் தூக்கிப் போட வேண்டியதில்லை. இத்தாலியின் ஸ்டெல்வியோ கணவாயில் ஒரு பக்கத்தில் மட்டும் 48 கொண்டை ஊசி வளைவுகள். அந்த மாதிரிச் சாலையில் இந்த வித்தியாசத்தை 48-ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள்.

அப்புறம், பார்வை. மலைச்சாலையில் வேகத்தை முடிவு செய்வது இன்ஜின் இல்லை, எவ்வளவு தூரம் கண்ணுக்குத் தெரிகிறது என்பதுதான். தெரிகிற தூரத்துக்குள் நிறுத்த முடியாவிட்டால் அந்த வேகம் கடன் வாங்கிய வேகம். காய்ந்த நல்ல சாலையில், உணர்ந்து பிரேக் பிடிக்க ஒரு விநாடி என்று வைத்தால், 80 கிலோமீட்டரில் நிற்க ஏறக்குறைய 50 மீட்டர் வேண்டும். 100-இல் 75 மீட்டர். இது இரண்டு வண்டிக்கும் பெரிய மாற்றமில்லாத கணக்கு. வளைவுக்கு அந்தப் பக்கம் 50 மீட்டர்தான் தெரிகிறது என்றால், 207 குதிரைக்கும் அங்கே வேலை இல்லை. சாய்வும் அப்படித்தான். 50 மீட்டர் ஆரமுள்ள வளைவை 60 கிலோமீட்டரில் எடுக்க 30 டிகிரி சாய்ந்தால் போதும். 72-க்குப் போனால் 39 டிகிரி ஆகிவிடும். நல்ல ரோடு டயர் போட்ட பெரிய அட்வென்ச்சர் பைக் இந்தச் சாய்வையெல்லாம் தாங்கும். அதற்கு மேல் சாய்வது பொதுச்சாலையில் யாருக்கும் தேவையில்லாத வேலை.

இதில் ஒரு வேடிக்கை. அட்வென்ச்சர் பைக் உயரமானது, அதனால் தூரம் தெரிகிறது என்று சொல்வார்கள். சீட் உயரத்தை மட்டும் பார்த்தால் நான் சொன்ன இரண்டு வண்டிக்கும் 3 சென்டிமீட்டர்கூட வித்தியாசம் இல்லை, 824 மில்லிமீட்டருக்கு 850. கண்ணை உயர்த்துவது சீட் இல்லை, நிமிர்ந்த முதுகு. ஒன்றில் டேங்க் மேல் கவிழ்ந்து, கழுத்தை நிமிர்த்தி, புருவத்துக்குக் கீழிருந்து பார்க்கிறோம். இன்னொன்றில் முன்னால் போகும் காரின் கூரைக்கு மேலாக, அதற்கு முன்னால் போகும் வண்டியின் பிரேக் விளக்கு வரை தெரிகிறது. வளைவின் உள் விளிம்பில் இருக்கும் செடிக்கு மேலாக எதிரே வரும் லாரியின் தலை தெரிகிறது. அந்த ஒரு விநாடி முன்கூட்டிய தகவல், வேறெங்கும் வாங்க முடியாத வேகம்.

மூன்றாவது, சாலையின் மேற்பரப்பு. எனக்கு நன்றாகப் பழக்கமான ஒரு மலைப்பாதையில், இடது வளைவின் நடுவில் குழாய்க்குத் தோண்டி மூடிய ஒட்டு ஒன்று குறுக்கே போகிறது. ஒரு விரல் உயரம்தான் மேடு. ஸ்போர்ட்ஸ் பைக்கில் சாய்ந்தபடி அதன்மேல் ஏறினால் முன்சக்கரம் ஒரு கணம் தரையை விடும், ஹேண்டில்பார் கையில் படபடக்கும், வண்டி ஒரு அடி வெளியே நகர்ந்து போய் உட்காரும். எதுவும் ஆகிவிடாது. ஆனால் அடுத்த நாலு வளைவிலும் ஆக்ஸிலரேட்டரை யாரும் சொல்லாமலே குறைத்துப் பிடிப்போம். ஜிஎஸ் மாதிரி வண்டியில் முன்னால் 190, பின்னால் 200 மில்லிமீட்டர் சஸ்பென்ஷன் பயணம், அதாவது சக்கரம் மேலும் கீழும் அசையும் தூரம், இருக்கிறது; ஸ்போர்ட்ஸ் பைக்கில் 120-ஐ ஒட்டித்தான் இருக்கும், ஸ்பிரிங்கும் கெட்டி. அதே ஒட்டின் மேல் அட்வென்ச்சர் பைக் ஒரு முணுமுணுப்போடு போய்விடும். மழைக்குப் பிறகு வளைவில் அடித்து வந்து கிடக்கும் பொடிக்கல், வெயிலில் கசிந்த தார், கரை உடைந்த சாலை, எல்லாவற்றுக்கும் இதே கதைதான். மேடுபள்ளத்தில் சக்கரம் தரையிலேயே ஒட்டியிருந்தால்தான் பிரேக்கும் பிடிக்கும், டயரும் பிடிக்கும். பிடிப்பு இருக்கிறது என்று உடம்புக்குத் தெரிந்தால்தான் கை தைரியமாகத் திறக்கும்.

களைப்பு இதையெல்லாம்விடப் பெரிய விஷயம் என்பது என் கருத்து. ஸ்போர்ட்ஸ் பைக்கின் உட்காரும் நிலை 120, 130-க்கு மேலான வேகத்துக்குச் செய்யப்பட்டது. அந்த வேகத்தில் எதிர்க்காற்று மார்பைத் தாங்கிக்கொள்ளும், மணிக்கட்டில் பாரம் குறையும். 60, 70-இல் போனால் தாங்கக் காற்று இல்லை, உடம்பின் பாரமெல்லாம் கைக்கு வந்துவிடும். இறக்கத்தில் இன்னும் மோசம். ஸ்போர்ட்ஸ் பைக்கில் கூட வரும் தம்பி ஒருவன் இருக்கிறான், நல்ல வேகக்காரன், என்னைவிட நன்றாக ஓட்டுவான். காலையில் கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் முன்னால் போய்க் காத்திருப்பான். மதியத்துக்கு மேல் நீண்ட இறக்கம் ஒன்று வந்தால் கையை உதறிக்கொண்டே ஓரம் கட்டி, "அண்ணே, நீங்க முன்னாடி போங்க, மணிக்கட்டு கடுக்குது" என்பான். அதிலிருந்து மாலை வரை நான்தான் முன்னால். என் வேகம் காலையில் இருந்த அதே வேகம்தான்.

கணக்குப் போட்டுப் பார்த்தாலும் அப்படித்தான் வருகிறது. சராசரி 90-இல் போகிறவருக்கு 100 கிலோமீட்டர் கடக்க 67 நிமிடம். சராசரி 100-இல் போகிறவருக்கு 60 நிமிடம். மிச்சம் ஏழு நிமிடம். சராசரியைப் பத்து கூட்டுவதற்கு இடையில் எத்தனை முந்தல், எத்தனை திடீர் பிரேக் வேண்டும் என்பது ஓட்டியவருக்குத் தெரியும். பெட்ரோல் போட நின்று, கையுறை கழற்றி, ஹெல்மெட் கழற்றி, திரும்ப மாட்டிக்கொண்டு கிளம்பினால் அந்த ஏழு நிமிடம் போய்விட்டது. எஸ்1000ஆர்ஆர் டேங்க் 16.5 லிட்டர், ஜிஎஸ் 20, அதிலேயே 'ஜிஎஸ் அட்வென்ச்சர்' என்ற மாடல் 30. வேகமாகப் போகிறவருக்கு டேங்க்கும் வேகமாகக் காலியாகும், ஏனென்றால் காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது. சமதளத்தில் சீராக 100-இல் போக ஒரு பைக்குக்கு 15 குதிரைத்திறன்கூடச் செலவாகாது. மீதியெல்லாம் முந்துவதற்கும் ஏறுவதற்கும்தான், கொஞ்சம் நம் மனசுக்கும்.

சரி, இவ்வளவும் சொல்லிவிட்டு அட்வென்ச்சர் பைக் குறையே இல்லாதது என்றால் அது விற்பனையாளர் பேச்சு. வழுவழுப்பான, நீண்ட, திறந்த வளைவுகள் வரும் சாலையில் ஸ்போர்ட்ஸ் பைக் போகும் அழகே தனி. முன்டயர் எவ்வளவு பிடித்திருக்கிறது என்பதை அது ஹேண்டில்பார் வழியாக வரிவரியாகச் சொல்லும். பாரம் முன்சக்கரத்தின் மேல் இருக்கிறது, 17 அங்குலச் சக்கரம், கெட்டியான ஃபோர்க் (முன்சக்கரத்தைத் தாங்கும் சஸ்பென்ஷன் குழாய்கள்), நினைத்த கோட்டில் நினைத்த நொடியில் விழும். அட்வென்ச்சர் பைக்கின் முன்பக்கம் கொஞ்சம் மந்தம்தான். 19 அங்குலம் என்றால் சமாளித்துக்கொள்ளலாம். 21 அங்குலத்தில், அதிலும் 90 மில்லிமீட்டர் அகல டயரில், வேகமான இடம்-வலம் வளைவுகளில் வண்டி நம் பின்னால் வருவது போலிருக்கும். முந்தும்போதும் லிட்டர் பைக் ஒரு மூச்சில் வேலையை முடித்துவிடும், எதிர்த் தடத்தில் இருக்கும் நேரம் குறையும். சுமை ஏற்றி, பின்னால் ஆளையும் ஏற்றிய அட்வென்ச்சர் பைக்கில் அந்த இடைவெளியை முன்கூட்டியே கணக்குப் பண்ணி, ஒரு கியர் குறைத்து வைத்துக்கொள்ள வேண்டும்.

காற்று இன்னொரு தொல்லை. உயரமான வண்டி, இரண்டு பக்கமும் பெட்டி, அகலமாக விரிந்த தோள், பாலத்தின் மேல் பக்கக்காற்று அடித்தால் தடத்தின் ஒரு ஓரத்திலிருந்து இன்னொரு ஓரத்துக்குத் தள்ளிவிடும். ஹெல்மெட்டில் நெற்றித் தகடு இருந்தால் அது பாய்மரம் போல இழுக்கும், கழுத்துதான் பாவம். பின்பெட்டியில் பாரத்தை நிறைத்துக்கொண்டு அதிவேகத்தில் போனால் முன்பக்கம் லேசாகி ஹேண்டில் மெல்ல இடமும் வலமும் ஆட ஆரம்பிக்கும். பெட்டி செய்கிறவர்களே அதற்கு வேக வரம்பும் எடை வரம்பும் எழுதித்தான் கொடுக்கிறார்கள், பெட்டியின் உள்பக்கம் ஒட்டியிருக்கும் அந்தச் சீட்டை யாரும் படிப்பதில்லை.

நிறுத்தும்போது இன்னொரு பயம். 250 கிலோ, பாரம் மேலே, நுனிக்கால் மட்டும் தரையில். சரிவான இடத்தில் பள்ளமான பக்கம் காலை ஊன்றினால் தரை எதிர்பார்த்த இடத்தில் இருக்காது. அங்கிருந்து வண்டி சாய ஆரம்பித்தால் யாராலும் பிடிக்க முடியாது. பிடிக்கப் பார்த்தால் முதுகு போகும். நான் எங்கே நிறுத்தினாலும் மேட்டுப் பக்கக் காலைத்தான் ஊன்றுவேன், அதற்குத் தோதான இடம் கிடைக்கும்வரை உருட்டிக்கொண்டே போவேன். பின்னால் வருகிறவர் ஹாரன் அடித்தால் அடித்துக்கொள்ளட்டும்.

"அட்வென்ச்சர் பைக் மெதுவானது" என்று சொல்கிறவர்களுக்கு நான் பைக்ஸ் பீக்கைச் சொல்வதுண்டு. அமெரிக்காவின் கொலராடோவில் மலையுச்சிக்கு ஏறும் பந்தயம், 19.99 கிலோமீட்டர், 156 வளைவுகள். பாதை முழுவதும் தார் போடப்பட்ட பிறகு நடந்த முதல் பந்தயம் 2012-இல். அந்த வருடம் அங்கே 10 நிமிடத்துக்குள் ஏறிய முதல் பைக், டுகாட்டியின் அட்வென்ச்சர் பைக்கான மல்டிஸ்ட்ராடா 1200. ஓட்டியவர் கார்லின் டன், நேரம் 9 நிமிடம் 52 விநாடி. அது பந்தயத்துக்கென்று தயார் செய்த வண்டி, 17 அங்குலச் சக்கரம், எதிரே யாரும் வராத அடைத்த சாலை, அதை மறக்கக் கூடாது. ஆனாலும் நிமிர்ந்த உட்காரும் நிலையும் அகல ஹேண்டிலும் மலை வளைவுக்கு எவ்வளவு தோது என்பதற்கு அது போதும். சாய்ந்திருக்கும்போது பிரேக் பிடித்தாலும் வழுக்காமல் பார்த்துக்கொள்ளும் வளைவு ஏபிஎஸ்கூட முதலில் வந்தது ஸ்போர்ட்ஸ் பைக்கில் இல்லை, 2014 மாடல் கேடிஎம் 1190 அட்வென்ச்சரில்தான். வளைவின் நடுவே கல்லையும் ஆட்டையும் சந்திக்கிற வண்டிக்குத்தானே அது முதலில் தேவை.

இனி, வண்டியை வாங்கிய அன்றே செய்ய வேண்டியது என்று நான் எல்லோரிடமும் சொல்வது பின் சஸ்பென்ஷன் ப்ரீலோடைச் சரிசெய்வது, அதாவது ஸ்பிரிங்கை முன்கூட்டியே எவ்வளவு இறுக்கி வைப்பது என்பது. பலர் ஆயிரக்கணக்கில் கிலோமீட்டர் ஓட்டியும் அந்தத் திருகைத் தொட்டிருக்க மாட்டார்கள். நீளமான சஸ்பென்ஷனின் கெட்ட குணம் என்னவென்றால், பின்னால் ஆளும் பெட்டியும் ஏறியதும் பின்பக்கம் நன்றாக அமிழ்ந்துவிடும். முன்பக்கம் தூக்கிக்கொள்ளும், ஹெட்லைட் மரத்தைக் காட்டும், வளைவில் வண்டி வெளியே வெளியே ஓடும். நிறையப் பேர் "இந்த வண்டி திரும்ப மாட்டேங்குது" என்று குறை சொல்வது இதைத்தான். உட்கார்ந்த பிறகு மொத்தப் பயணத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அமிழ்ந்தால் சரி. ஒருவரைப் பின்னால் நின்று அளந்து பார்க்கச் சொல்லுங்கள், பத்து நிமிட வேலை.

டயரில் மனசாட்சியோடு முடிவெடுக்க வேண்டும். பட்டன் பட்டனாக இருக்கும் மண் டயர் பார்க்கக் கம்பீரம். ஈரத் தாரில் பிரேக் தூரம் கூடும், வளைவில் நெளியும், சீக்கிரம் தேயும். பயணத்தில் பெரும்பகுதி தார்ச்சாலை என்றால் ரோடு டயர்தான் சரி. எப்போதாவது வரும் கல்சாலையை அதுவே மெதுவாகக் கடந்துவிடும். காற்றழுத்தத்தைக் காலையில் டயர் சூடாகும் முன் பார்க்க வேண்டும், சுமை இருந்தால் கம்பெனி சொன்ன சுமை அளவுக்கு ஏற்ற வேண்டும்.

பிரேக்கை ஒரே பிடியாகப் பிடித்தால் சாதாரண நீள ஃபோர்க் சட்டென்று மூக்கைக் குத்தும், அப்புறம் வளைவுக்குள் நுழையும்போது பிரேக்கை விட்டதும் நிமிரும், கோடு கலையும். லேசாகத் தொட்டு ஃபோர்க் அமிழக் காத்திருந்து, பிறகு அழுத்தி, விடும்போதும் மெல்ல விட வேண்டும். பின் பிரேக்கைச் சேர்த்துப் பிடித்தால் வண்டி சமமாக அமிழும். ஸ்போர்ட்ஸ் பைக்கிலிருந்து மாறுகிறவர்கள் பழக வேண்டிய முதல் விஷயம் இது. இரண்டாவது, முன்பக்கம் பேசவில்லை என்று பதறாமல், கொஞ்சம் முன்னால் நகர்ந்து டேங்க்கை ஒட்டி உட்காருவது.

இதன் சொகுசில் ஒரு ஆபத்தும் இருக்கிறது. கெட்ட சாலையில் ஸ்போர்ட்ஸ் பைக் 60-லேயே கத்தி எச்சரித்துவிடும். அட்வென்ச்சர் பைக் 90-இலும் அமைதியாகப் போகும். அந்த அமைதியை நம்பிக் கூர்மையான பள்ளத்தில் இறக்கினால் சஸ்பென்ஷன் தாங்கும், அலாய் ரிம் தாங்காது, நெளிந்து காற்று போய்விடும். வண்டி வசதியாக இருக்கிறது என்பதால் சாலை நன்றாக இருக்கிறது என்று ஆகாது. அதனால்தான் மண்பாதை அதிகம் போகிறவர்கள் கம்பிச் சக்கரத்தை விரும்புகிறார்கள்.

இரண்டு வகை வண்டியும் சேர்ந்து போகும் குழுவில், மலை ஏறும்போது யார் முன்னால் என்பதை முதலிலேயே பேசிக்கொள்வது நல்லது. ஸ்போர்ட்ஸ் பைக்காரர் நேர்கோட்டில் ஓடி வளைவில் நிற்பார், அட்வென்ச்சர்காரர் நேர்கோட்டில் பின்தங்கி வளைவில் முட்டிக்கொண்டு வருவார். இருவருக்கும் எரிச்சல். பக்கத்துப் பக்கத்தில் போகாமல், அடுத்த சந்திப்பில் பார்ப்போம் என்று பிரிந்து போனால் எல்லோருக்கும் நிம்மதி. எங்கள் குழுவில் இப்போது அப்படித்தான்.

பெரிய வண்டிதான் வேண்டும் என்பதும் இல்லை. தனியாகப் போகிறவருக்கு 1250 சிசி தேவைப்படும் சாலைகள் குறைவு. ராயல் என்ஃபீல்டின் ஹிமாலயன் 450 சுமார் 40 குதிரைத்திறன், 196 கிலோ. குறுகலான, உடைந்த சாலையில் அதன் மேல் இருக்கும் ஒருவரைப் பெரிய வண்டியில் துரத்திப் பிடிப்பது லேசில்லை. நெடுஞ்சாலையில் வேகமாகப் போகவும் வேண்டும், மண்ணில் இறங்கவே மாட்டேன் என்கிறவர்களுக்கு பிஎம்டபிள்யூ எஸ்1000எக்ஸ்ஆர், யமஹா ட்ரேசர் 9 போல, நிமிர்ந்த நிலையும் 17 அங்குலச் சக்கரமும் சேர்ந்த வண்டிகள் இருக்கின்றன. உண்மையில் அட்வென்ச்சர் பைக் வாங்குகிற பலருக்கும் பொருந்துவது அதுதான், என்ன, விளம்பரப் படத்தில் பாலைவனம் இருக்காது.

ஓட்டிப் பார்க்கக் கொடுத்தால் நேர்கோட்டில் முறுக்கிவிட்டுத் திரும்பி வராதீர்கள். குறுகிய தெருவில் ஒரு யூ-டர்ன் போடுங்கள், வேகத்தடையை உட்கார்ந்தபடியே கடந்து பாருங்கள், இன்ஜினை அணைத்துவிட்டுச் சரிவில் வண்டியைப் பின்னால் தள்ளிப் பாருங்கள். கூடவே வழக்கமாகப் பின்னால் உட்காருகிறவரையும் அழைத்துப் போங்கள். அரை மணி நேரம் கழித்து அவர் சொல்வதைக் கேட்டுவிட்டு முன்பணம் கட்டலாம்.